ஆள் கட்டம்

இந்த அறையில் காபி நன்றாக இருக்கிறது. நேற்று மாநில அதிகாரி என்னை உட்காரவைத்த இடத்தில் கொடுத்தது வெறும் கழுநீர். அவர் கேட்ட கேள்விகளைத்தான் நீங்களும் கேட்கப் போகிறீர்கள் என்பது உங்கள் முதல் தாளைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அவர் மாநில அரசு, நீங்கள் மத்திய அரசு. விபத்து ஒன்று, சாட்சி ஒருவன், விசாரணை மட்டும் இரண்டு. குறையாகச் சொல்லவில்லை. இந்த மாதிரி இரட்டை வேலையை ஒழிப்பதிலேயே என் வாழ்நாளில் பெரும்பகுதி போய்விட்டது. அதனால் சட்டென்று கண்ணில் படுகிறது.

கோல்ட்டரில் அந்த வீட்டுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கத்தான் வந்திருக்கிறீர்கள். அங்கே வந்துவிடுகிறேன், நழுவ மாட்டேன். ஆனால் நடுவிலிருந்து தொடங்கினால் உங்களுக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது.

என் பெயர் லைல் ஹானிக். ஹூஸ்டனில் எரிசக்தி நெறிமுறை வாரியம் ஒன்றின் செயலாளர். வாரியம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு மாடியில் பாதி எங்களுடையது, மீதிப் பாதியில் பல் டாக்டர். நாங்கள் சட்டம் போடுகிறவர்கள் இல்லை. ஒருவர் வீடு மாறுகிறார். ஒருவர் பில் கட்டவில்லை, இணைப்பைத் துண்டிக்க வேண்டும். பிறகு கட்டிவிடுகிறார், திருப்பிக் கொடுக்க வேண்டும். இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு கம்பெனியின் கணினி இன்னொரு கணினிக்கு ஒரு செய்தி அனுப்பும். அந்தச் செய்தியில் எத்தனை கட்டங்கள் இருக்க வேண்டும், எந்தக் கட்டத்தில் என்ன நிரப்ப வேண்டும் என்று நாங்கள் புத்தகம் போடுகிறோம். அதன்படி மென்பொருள் செய்து விற்பார்கள். அவ்வளவுதான் எங்கள் தொழில். எங்களைப் பற்றி யாரும் கேள்விப்பட்டதில்லை என்றால் வேலை ஒழுங்காக நடக்கிறது என்று பொருள்.

எங்களிடம் சில்லறைப் பிரிவுகள் இரண்டு இருந்தன. சில்லறை என்றால் வீட்டு வாசலுக்கு வந்து சேரும் சரக்கு. அடுப்புக்கு எரிவாயு, விளக்குக்கு மின்சாரம். அதற்கு ஒரு பிரிவு, இதற்கு ஒரு பிரிவு. தனித்தனித் தலைவர், தனித்தனிக் கூட்டம், தனித்தனிப் புத்தகம். ஒரே ஓட்டலில் ஒரே நாளில் கூடினாலும் நடுவில் தடுப்பை இழுத்துவிடச் சொல்வார்கள். காபிப் பாத்திரம்கூட இரண்டு. மின்பிரிவில் காபி தீர்ந்துபோனால் வறண்ட தொண்டையோடு உட்கார்ந்திருப்பார்களே தவிர, தடுப்பைத் தாண்டிப் போய் எரிவாயுக்காரர்களின் காபியைக் குடிக்க மாட்டார்கள். இதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இரண்டு புத்தகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் அழுகை வரும். பில் கட்டுகிறவரை எரிவாயுப் புத்தகம் 'வாடிக்கையாளர்' என்றது. மின்சாரப் புத்தகம் 'நுகர்வோர்' என்றது. ஒரே மனுஷன். அடுப்பில் முட்டை பொரிக்கும்போது வாடிக்கையாளர், விளக்கைப் போட்டதும் நுகர்வோர். இதைச் சரிசெய்ய நானே ஒரு கூட்டுக்குழு போட்டேன். ஒரு வசந்தகாலம் முழுக்கப் பேசிவிட்டு அவர்கள் எடுத்த முடிவு என்ன தெரியுமா? வாடிக்கையாளர் என்ற சொல் நுகர்வோரையும் குறிக்கும், நுகர்வோர் என்ற சொல் வாடிக்கையாளரைக் குறிக்காது. அன்று வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு இறங்கத் தெம்பில்லாமல் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் மனைவி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, நெஞ்சுவலியோ என்று பதறி ஓடிவந்தாள்.

போதாக்குறைக்கு எரிவாயுப் பிரிவில் உறுப்பினர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை. கடைசியில் கூட்டம் செல்லுபடியாவதற்கு எத்தனை பேர் வேண்டுமோ அத்தனை பேர்தான் மிச்சம். ஒருவருக்குச் சளி பிடித்தால் கூட்டம் ரத்து. ஊர் ஊராகப் பறந்து வந்தவர்கள் எல்லாரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விமான நிலையத்துக்குத் திரும்பிப் போவார்கள். யாரோ எங்கேயோ மூக்கைச் சிந்தியதற்காக நான் தள்ளிவைத்த கூட்டங்களை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

ஆகவே இரண்டு பிரிவையும் ஒன்றாக்க வேண்டும் என்று முதலில் சொன்னவன் நான்தான். ஒரு பிரிவு, ஒரு தலைவர், ஒரு புத்தகம். கேட்டால் சின்ன விஷயம் போலிருக்கும். இதற்காக நான் தொங்கிய தொங்கலை என் மனைவியைக் கேட்டால் சொல்வாள். விதிப்படி இரண்டு பிரிவுமே தனித்தனியாக வாக்குப் போட்டுச் சம்மதிக்க வேண்டும். ஒரு பக்கம் இறங்கி வந்தால் மறுபக்கம் முறுக்கிக்கொள்ளும்.

எரிவாயுப் பிரிவுக்குத் தலைவர் வெர்னா ப்ரூயிட். பெரிய எரிவாயுக் கம்பெனி ஒன்றின் வழக்கறிஞர், என்னைவிட மூத்தவர். ஆள் குள்ளம், குரல் மட்டும் கோயில் மணி. கூட்டத்துக்கு வரும் வழியில் செக் நாட்டுக்காரர்களின் பேக்கரியில் நின்று ஒரு பெட்டி கோலாச்சி வாங்கிக்கொண்டுதான் வருவார். உள்ளே காரத் தொத்திறைச்சி வைத்த பன். தடுப்புக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று பார்க்காமல் எல்லாருக்கும் கொடுப்பார். எனக்கு அவரைப் பிடிக்கும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மின்பிரிவுக்கு ரஸ் கேலவே. நெட்டை, எதற்கெடுத்தாலும் சிரிப்பு. சிரித்துக்கொண்டே 'முடியாது' என்பான்.

இரண்டு பேரையும் மெல்ல மெல்ல ஒரே மேசைக்குக் கொண்டுவந்தேன். வாடிக்கையாளரா நுகர்வோரா என்பதுகூடத் தீர்ந்துவிட்டது, வாடிக்கையாளர் ஜெயித்தார். புத்தகம் முழுக்க ஒத்துப்போய்விட்டது, ஒரே ஒரு இடத்தைத் தவிர. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடையும் என்பார்களே, அந்த இடம்.

பில் கட்டிய பிறகு இணைப்பைத் திருப்பிக் கொடுக்கும் செய்தி இருக்கிறதே, மின்சாரப் புத்தகத்தில் அதற்கு முகவரி, மீட்டர் எண், தேதி என்று சில கட்டங்கள். எரிவாயுப் புத்தகத்திலும் அதே கட்டங்கள்தான், கூடவே ஒன்று. வீட்டில் பெரியவர் யாராவது இருக்கிறாரா, உண்டா, இல்லையா. இல்லை என்றால் செய்தி அங்கேயே நின்றுவிடும், எரிவாயு போகாது. அதற்கு எங்களுக்குள் பெயர் ஆள் கட்டம்.

"ஒரு கட்டம் கூட இருந்தா என்ன ரஸ், உன் சொத்தா அழிஞ்சுபோகுது?" என்று வெர்னா கேட்டார்.

"என் சொத்து இல்ல அம்மணி, எங்காளுங்க அத்தனை பேர் கம்ப்யூட்டரும். எல்லாத்தையும் பிரிச்சுத் தைக்கணும். எதுக்கு? கரண்ட் விடறப்ப வீட்டுல ஆள் எதுக்கு? வந்து நின்னு கைதட்டவா?"

"உனக்கு வேணாம்னா வெறுமனே விட்டுடு."

"வெறுமனே விட்டா எங்க மிஷின் நின்னுபோகும். ஆள் இல்லன்னு நினைச்சுக்கும்."

"அப்ப உன்னவிட உன் மிஷினுக்கு மூளை இருக்குன்னு சொல்லு."

எல்லாரும் சிரித்தார்கள். ரஸ்ஸும் சிரித்தான். நானும் சிரித்துவைத்தேன். உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தேன்.

வெர்னா கோலாச்சியைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். "இங்க பாருங்கப்பா. கரண்ட் நாய் மாதிரி. வீட்டுக்குள்ள வந்தா சத்தம் போடும். லைட் எரியும், டிவி கத்தும், வந்திருச்சுன்னு தெரியும். கேஸ் பூனை. வந்ததே தெரியாது. கேஸை நிறுத்தி வச்ச வீட்டுல யாராவது வருதான்னு அடுப்பைத் திருகிப் பாத்திருப்பாங்க. வரலேன்னதும் அப்படியே விட்டுட்டு வேலைக்குப் போயிருப்பாங்க. வெந்நீர் பாய்லர்ல எப்பவும் எரியற சின்னச் சுடர் அணைஞ்சு கிடக்கும். ஒரு ஆளு உள்ள போயி ஒவ்வொண்ணா மூடிப் பாத்துட்டுத்தான் கேஸைத் திறக்கணும். உள்ள போக வீட்டுல ஆள் இருக்கணும். அந்த ஆளு இல்லாத புத்தகத்துக்கு நான் ஓட்டுப் போட மாட்டேன்."

தெளிவாகத்தான் சொன்னார். புரியாமல் போக அதில் ஒன்றுமில்லை. ஆனால் அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். ரஸ்ஸின் முயலுக்கும் மூன்றே கால். வண்டி நிறுத்துமிடத்தில் ரஸ் என் தோளில் கை போட்டுக்கொண்டு, "யோவ் லைல், ஒரு கட்டத்துக்காக இவ்வளவையும் கலைச்சா, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டக் கொளுத்தின கதையாயிடும். அந்த அம்மா விட்டுக்கொடுக்கலேன்னா நாங்க கிளம்புறோம்" என்றான். அவன் கிளம்பினால் பாதி வாரியம் கிளம்பிவிடும். பல் டாக்டர் எங்கள் பாதியையும் வாடகைக்கு எடுத்துக்கொள்வார்.

அதனால் இரண்டு பேரிடமும் தனித்தனியாகப் பேசினேன். வெர்னாவிடம், கட்டம் இருக்கும் என்றேன். வாக்கெடுப்புக்குப் போன வரைவில் அது இருக்கவும் செய்தது. ரஸ்ஸிடம், வரைவில் என்ன இருந்தாலும் அச்சுக்குப் போகும்போது கட்டம் இருக்காது, என்னை நம்பி வாக்குப் போடு என்றேன். நேற்றைய அதிகாரி இதைப் பொய் என்றார். நீங்களும் அப்படிச் சொல்லலாம். எனக்கு அப்போது அப்படிப் படவில்லை. இரண்டு பேருக்கும் வேண்டியதைச் சொன்னேன், இரண்டு பேரும் நிம்மதியாக வாக்குப் போட்டார்கள். அந்த மேசையில் நிம்மதியை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

தீர்மானம் நிறைவேறிய அன்று ஒரே காபிப் பாத்திரம் வைக்கச் சொன்னேன். எல்லாரும் அதில் ஊற்றிக் குடித்தார்கள். கேக் ஒன்று செய்யச் சொல்லியிருந்தேன், பாதி நீலம், பாதி மஞ்சள், சுடரும் மின்னலும் ஒன்றாகச் சேர்ந்த மாதிரி. ஒரு பிரிவுக்கு ஒரு தலைவர்தானே? அது ரஸ். வெர்னா தானாகவே ஒதுங்கிக்கொண்டார். வேலையிலிருந்தும் ஓய்வு பெறப் போவதாகச் சொன்னார். போகும்போது என் கன்னத்தைத் தட்டிவிட்டு, "பொழச்சுப் போடா. ஆளை மட்டும் பாத்துக்கோ கண்ணு" என்றார். பாத்துக்கிறேன் என்றேன்.

எங்கள் விதியில் 'சிறு திருத்தம்' என்று ஒன்று உண்டு. வாக்கெடுப்பு முடிந்த பிறகு எழுத்துப்பிழை, காற்புள்ளி, பக்க எண் போன்றவற்றைச் செயலாளர் தானே சரிசெய்யலாம், யாரையும் கேட்க வேண்டாம். ஒரு மதியம், மேசையில் சாண்ட்விச்சை வைத்துக்கொண்டு அந்த வேலையைப் பார்த்தேன். நாற்பதாம் பக்கத்தில் ஒரு காற்புள்ளி தப்பான இடத்தில் இருந்தது, எடுத்தேன். அதே பக்கத்தில் கீழே ஆள் கட்டம் இருந்தது, அதையும் எடுத்தேன். காரணம் கேட்கும் இடத்தில் 'சீர்மைக்காக' என்று போட்டேன். அது பொய் இல்லை. இரண்டு பிரிவின் செய்தியும் அப்போதுதான் அச்சு அசலாக ஒன்றாகியது. பிறகு சாண்ட்விச்சின் மறுபாதியைச் சாப்பிட்டேன்.

உறுப்பினர்கள் யாரும் கவனிக்கவில்லையா என்று கேட்பீர்கள். எங்கள் புத்தகத்தை எங்கள் உறுப்பினர்கள் படிப்பதில்லை. பெரிய எரிவாயுக் கம்பெனிகள் புத்தகம் என்ன சொன்னாலும் வழக்கப்படி வீட்டுக்கு ஆள் அனுப்பிக்கொண்டுதான் இருந்தன. அதனால் யாருக்கும் வித்தியாசமே தெரியவில்லை. வெர்னா ஒருவர்தான் கண்டுபிடித்தார், ஓய்வு பெற்றும் சும்மா இருக்கத் தெரியாத ஜென்மம். ஃபோன் செய்தார்.

"லைல், புத்தகம் வந்துச்சு. ஆள் எங்கப்பா?"

"எந்த ஆளு?"

"விளையாடாத. நாப்பதாம் பக்கத்துல இருந்த என் ஆளு."

"அச்சுல விட்டுப்போயிருக்கும் வெர்னா. அடுத்த பதிப்புல போட்டுடறேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

"நீ சொன்னா சரிதான். கமா தப்பா இருந்தாலே தூக்கம் வராத ஆளு நீ" என்று சிரித்துவிட்டு, தோட்டத்தில் தக்காளி காய்த்திருப்பதைப் பற்றிப் பேசினார்.

அந்த வார்த்தை கொஞ்சம் உறுத்தியது. உண்மையிலேயே அடுத்த பதிப்பில் சேர்க்கலாமா என்று யோசித்தேன். ஆனால் ஒரு கட்டத்தைச் சேர்ப்பது சிறு திருத்தம் ஆகாது. அதற்கு வாக்கெடுப்பு வேண்டும். வாக்கெடுப்பு என்றால் பேச்சு, பேச்சு என்றால் சண்டை, மறுபடியும் தடுப்பு, மறுபடியும் இரண்டு காபிப் பாத்திரம். ஒன்றாகி வருஷம்கூட ஆகவில்லை. அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்று தள்ளினேன். அதற்கடுத்த கூட்டத்திலும் அதையே சொல்லிக்கொண்டேன்.

பிறகு கோல்ட்டரிலிருந்து அந்தப் பெண் கூப்பிட்டாள். நோரீன். கோல்ட்டர், மாநிலத்தின் வடகோடியில் பான்ஹேண்டில் என்கிற பகுதியில் ஒரு சின்ன ஊர். நகராட்சியே எரிவாயுவும் விற்கிறது, மின்சாரமும் விற்கிறது. எங்கள் ஒற்றைப் புத்தகம் யாருக்கென்று எழுதப்பட்டதோ, அது அவர்களுக்குத்தான். அதன்படி செய்த மென்பொருளை வாங்கியிருந்தார்கள். எரிவாயு மீட்டர்களையும் புதிதாக மாற்றியிருந்தார்கள், ஆபீசிலிருந்தே திறந்து மூடக்கூடிய மீட்டர்.

"சார், ஒரு சின்ன சந்தேகம். கேஸ் திருப்பிக் குடுக்கிற செய்தில ஆள் இருக்காங்களான்னு கேக்கற கட்டத்தக் காணோம். அப்ப வீட்டுக்கு ஆள் அனுப்ப வேணாமா?"

"புத்தகத்துல கட்டம் இருக்கா?"

"இல்ல சார்."

"அப்ப தேவையில்ல."

"எங்க ஆளுங்க அனுப்பித்தான் ஆகணும்னு அடம் பிடிக்கறாங்க சார். போயிப் பாக்காம திறக்கக் கூடாதுங்கறாங்க."

"உங்க ஆளுங்க பழைய புத்தகத்த வச்சுக்கிட்டுப் பேசறாங்கம்மா. இப்ப கேஸும் கரண்டும் ஒண்ணு."

"சரிங்க சார். எதுக்கும் ஒரு தடவை கேட்டுக்கலாம்னு..."

இப்படிப்பட்ட கேள்வி வந்தால் அதைப் பிரிவின் கூட்டத்தில் வைக்க வேண்டும் என்பது விதி. வைத்திருந்தால் கட்டம் எங்கே போனது என்று யாராவது கேட்டிருப்பார்கள். அதனால் நானே பதில் சொல்லிவிட்டேன். அவளும் நன்றி சொல்லி வைத்துவிட்டாள். நல்ல பெண், மரியாதையாகப் பேசினாள். இப்போது அவளை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அது அநியாயம், அவள் கேட்கத்தான் செய்தாள்.

இனி அந்த வீடு. எல்விரா ட்ரெவினோ என்ற பெண் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். பில் பாக்கி இருந்ததால் எரிவாயுவை நிறுத்தியிருந்தார்கள். தினமும் காலையில் அடுப்பைத் திருகிப் பார்த்துவிட்டு வேலைக்குப் போவாளாம். அன்றைக்குச் சம்பளம் வந்தது. மதிய இடைவேளையில் சூப்பர் மார்க்கெட் கவுன்ட்டரில் பில்லைக் கட்டிவிட்டு, எப்போது வரும் என்று கேட்டிருக்கிறாள். இன்றைக்கே வந்துவிடும் என்றார்கள். அவள் மறுபடி தொழிற்சாலைக்குள் போவதற்குள் வந்துவிட்டது. செய்தி எங்கும் நிற்கவில்லை. புத்தகத்தில் எழுதியிருந்தபடி எல்லாம் ஒழுங்காக நடந்தது.

வீடு மதியம் முழுக்கப் பூட்டியிருந்தது. சாயங்காலம் பள்ளிக்கூடப் பஸ்ஸிலிருந்து அவள் பிள்ளைகள் இரண்டு பேரும் இறங்கினார்கள். எரிவாயுவில் நாற்றம் கலந்திருப்பார்களே, ஏன் தெரியவில்லை என்று நான் யோசித்தேன். இரண்டு பேருக்குமே சளியாம், பத்திரிகையில் போட்டிருந்தது. சளி எவ்வளவு கெடுதல் செய்யும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? குளிர்காலம், சீக்கிரமே இருட்டிவிடும். மூத்தவள் உள்ளே போய் விளக்கைப் போட்டிருக்கிறாள். சுவிட்சில் ஒரு பொறி போதுமாம். நேற்றைய அதிகாரி ஒரு படத்தை என் முன்னால் வைத்தார். இதுதான் வீடு என்று அவர் சொன்னதால் வீடு என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தப் பிள்ளைகளின் பெயரைச் சொல்ல முடியுமா என்று அவர் கேட்டார். முடியவில்லை. எங்கள் வரையறைப்படி அவர்கள் வாடிக்கையாளர்கள் இல்லை, பில் தாயின் பெயரில்தான் வருகிறது என்று சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு வெளியே போனார். அதற்குப் பிறகு திரும்பி வரவே இல்லை. நான் தப்பாக எதுவும் சொல்லவில்லை, அந்த வரையறைக்காக ஒரு வசந்தகாலத்தையே கொடுத்தவன் நான்.

அந்தக் கட்டம் எதற்காக இருந்தது என்று உங்களுக்குப் புரிந்திருந்ததா? இதுதானே உங்கள் கடைசிக் கேள்வி? நேற்று அவர் எழுந்து போவதற்கு முன்பே இதைக் கேட்டுவிட்டார், நான் பொறியாளன் இல்லை, அது தொழில்நுட்ப விஷயம் என்றேன். அது முழு உண்மை இல்லை. உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

வாக்கெடுப்புக்கு முந்தைய குளிர்காலத்தில் எங்கள் தெருவில் எரிவாயுக் குழாயை மாற்றினார்கள். வேலை முடிந்ததும் கம்பெனி ஆள் வந்து திறந்துவிடுவார், பெரியவர் ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மனைவி அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். நான் அரை நாள் விடுப்புப் போட்டுக் காத்திருந்தேன். காத்திருந்த நேரமெல்லாம் இந்த ஆள் கட்டத்தைக் கண்டுபிடித்தவனைத் திட்டிக்கொண்டே இருந்தேன். கடைசியில் ஒருவர் வந்தார். சமையலறைக்குள் போனவர், "சார், அடுப்பு திறந்திருக்கே" என்றார். காலையில் காபி போடலாம் என்று நான்தான் திருகிப் பார்த்திருக்கிறேன். வரவில்லை. மூட மறந்திருக்கிறேன். அவர் மூடினார், பாய்லரில் சுடரைப் பற்றவைத்தார், காலணிமேல் மாட்டியிருந்த உறையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். நான் அன்றிரவு நன்றாகத் தூங்கினேன். இதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

ஆகவே நேரான பதில் இதுதான். கட்டத்தை எடுத்தது நான். அது எதற்காக இருக்கிறது என்று தெரிந்துதான் எடுத்தேன், என் சொந்த அடுப்பிலேயே பார்த்துத் தெரிந்துகொண்டிருந்தேன். எங்கேயோ, என்றைக்கோ, ஏதோ ஒரு வீட்டில் இப்படி நடக்கும் என்றும் தெரியும். அதற்குள் இரண்டு பிரிவும் பழகிப்போய், யாரும் பிரிக்க முடியாதபடி ஒன்றாகிவிட்டிருக்கும் என்று நினைத்தேன். அந்தக் கணக்கு தப்பவில்லை. இவ்வளவுக்குப் பிறகும் பிரிவு ஒன்றாகவேதான் இருக்கிறது, நீங்கள் போய்ப் பார்க்கலாம். வெர்னா மட்டும் என் ஃபோனை எடுப்பதில்லை.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும், இங்கேயா? போடுகிறேன். அதற்கு முன்னால் ஒரே ஒரு விஷயம், இதை நீங்கள் கட்டாயம் குறித்துக்கொள்ள வேண்டும். போன வாரம் ரஸ் புதுப் பதிப்பு வெளியிட்டிருக்கிறான். நாற்பதாம் பக்கத்தில் ஆள் கட்டம் மறுபடி வந்திருக்கிறது. வாக்கெடுப்பு கிடையாது, கூட்டம் கிடையாது, செயலாளரான என்னைக்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. பக்கத்தில் 'சிறு திருத்தம்' என்று போட்டிருக்கிறான். ஒரு முழுக் கட்டத்தைச் சேர்ப்பது எப்படிச் சிறு திருத்தம் ஆகும்? அதை யாராவது விசாரிக்க வேண்டும்.